பத்தாவது ஆள் வரும்வரை

என் அப்பாவை அடக்கம் செய்தபோது, பெண்களையும் சேர்த்து எங்களவர்கள் ஏழு பேர்தான் இருந்தோம். முறைப்படி வயது வந்த ஆண்கள் பத்து பேர் வேண்டும். பத்து யூதர்கள் ஒரே இடத்தில் கூடினால்தான் இறந்தவருக்காகச் சொல்கிற கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்லலாம். சென்னையில் இருக்கிற யூதர்கள் எல்லோரையும் தேடிப் பிடித்தாலும் ஒரு ஷேர் ஆட்டோ நிறையாது. அப்பாவோடு ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். மாலை போட்டார்கள், தோள் கொடுத்தார்கள். ஆனால் கதீஷ் சொல்ல ஆள் இல்லை. மண்ணைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா அன்றைக்கு அழவில்லை. ராத்திரி கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "பத்து பேர் இல்லாம அனுப்பிட்டோம்" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் பல வருஷம், அவள் எதைப் பேசினாலும் எனக்கு அந்த வார்த்தைதான் கேட்டது.

இதில் என் பங்கும் ஒன்று இருந்தது. அப்பாவுக்கு நான் ஒரே பெண். கதீஷ் சொல்வது மகனுடைய வேலை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அம்மாவும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்குப் பையன் இல்லைன்னு எவனும் வருத்தப்பட வேணாம். கதீஷ் நீ சொல்லு. யார் இன்னா சொன்னாலும் நீதான்." நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டின தலையை வைத்துக்கொண்டு எங்கே போவது? எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் பம்பாயில். அங்கே தொழுகைக்கூடம் உண்டு, பத்து என்ன, நூறு பேர்கூடக் கூடுவார்கள். ஆனால் பெண்கள் மேல் மாடியில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். மாமாவிடம் போனில் கேட்டேன். "நான் சொல்லிடறேன், நீ எதுக்குக் கவலப்படறே" என்றார் மராத்தியில். அவர் நல்லவர்தான். ஆனால் அப்பா கேட்டது மச்சானை அல்ல, மகளை.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள். கொங்கணக் கடற்கரையில் பல நூறு வருஷமாகச் செக்காட்டிக்கொண்டிருந்த யூதர்களின் வம்சம் எங்களுடையது. வீட்டில் மராத்தி, தொழுகையில் எபிரேயம். அப்பா வேலைக்காகச் சென்னை வந்தவர். நான் அயனாவரத்தில் பிறந்து, தமிழ் மீடியத்தில் படித்து, அயனாவரத்துக் கோபத்தோடு வளர்ந்தேன். அப்பாவிடம் தொழில் பழக வந்த அப்ரண்டிஸ் பையன் ஒருத்தனைக் கட்டிக்கொண்டேன். அவர் ஊர் உத்திரமேரூர் பக்கம், பெருநகர் போகிற சாலையில் ஒரு சின்ன கிராமம். கழனி இருக்கிற குடும்பம். மாமனார் தவறிய பிறகு, கழனியைப் பார்க்க ஆள் இல்லை என்று அவர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். நானும் வந்தேன். உத்திரமேரூர் பஜாரில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்துக் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தேன். அப்பா போன பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு சம்பந்திகள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன ஆகும் என்று ஊரே எதிர்பார்த்துக் காத்திருந்தது. ஊருக்கு ஏமாற்றம்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா, அப்போது தொடங்கிச் சனிக்கிழமை சாயந்திரம் முடிகிற ஓய்வுநாளுக்காக எண்ணெய் விளக்கு ஏற்றுவாள். மாமியாரும் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் விளக்கு ஏற்றுவார். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. அம்மா பன்றி தொட மாட்டாள், கோழியை உத்திரமேரூர் பாய் கடையில் அறுத்தால்தான் சாப்பிடுவாள், பிரார்த்தனையில் தலைக்கு முக்காடு போடுவாள். அதனால் தெருவில் பாதிப் பேர் நாங்கள் துலுக்கர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரிடம் யாராவது கேட்டால், "இல்ல, இவங்க அதுக்கும் முன்னாடி வந்தவங்க" என்று பெருமையாகச் சொல்வார். எதற்கு முன்னாடி என்று அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

எங்கள் ஊர் டெலிபோன் கம்பியில் பிராட்பேண்ட் வந்தபோது முதலில் வாங்கியது நான்தான். வகுப்பில் இருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் மேற்குச் சுவர் ஓரமாக வைத்தேன். எதையோ தேடப் போய், அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு தொழுகைக்கூடம் தன் பிரார்த்தனைகளை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தேன். நோயாளிகள், நடக்க முடியாதவர்கள், தனியாக இருப்பவர்கள் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. உத்திரமேரூர்க்காரர்கள் கலந்துகொள்வார்கள் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அவர்களுடைய வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்களுக்குச் சனிக்கிழமை காலை. இரண்டு பக்கமும் அப்போது ஓய்வுநாள்தான், அந்த மட்டும் வசதி. முதல் நாள் அம்மாவை முன்னால் உட்காரவைத்துக் காட்டினேன். திரையில் ஒரு பெண் பிரார்த்தனைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுவில் நின்று பாட, பக்கத்தில் ஒருவர் கிடார் வாசித்தார். அம்மா பார்த்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா?"

"பொம்பள சால்வ போட்டுக்கினு கீறா. கிடார் வேற. கோயிலா இல்ல கல்யாணக் கச்சேரியா?"

ஆனால் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எல்லோரும் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு கடவுள் ஒருவரே என்று சொல்கிற இடம் வந்தது. மெட்டு வேறு, உச்சரிப்பு வேறு, ஆனால் சொற்கள் அதே சொற்கள். அப்பா தினமும் படுக்கப் போகும்போது சொன்ன அதே சொற்கள். சுவரைப் பார்த்தபடியே அம்மாவின் கை கண்ணுக்குப் போனது. அடுத்த வாரம் நாற்காலி பாதி திரும்பியது. அதற்கடுத்த வாரம் நேராக உட்கார்ந்து, "அந்தக் கிடார்க்காரன் இன்னிக்கு சுதி தப்பறான்" என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். குறை சொல்ல ஆரம்பித்தால் அம்மா அந்த இடத்தில் குடியேறிவிட்டாள் என்று அர்த்தம்.

இதில் ஒரு சங்கடம். ஓய்வுநாளில் அம்மா சுவிட்சைத் தொட மாட்டாள், என்னையும் தொட விட மாட்டாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டு, பக்கத்தைத் திறந்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். ராத்திரியில் கரண்ட் போனால் கதை முடிந்தது. காலையில் அம்மா இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "பொட்டி சும்மா கெடக்குது" என்பாள். வேறு மதத்தாரிடம்கூட நேராகச் செய்யச் சொல்லக்கூடாது. அவர்களாகப் புரிந்துகொண்டு செய்தால் சரி. முதல் முறை மாமியார், "சும்மாதான் கெடக்கும், நீங்க நாஷ்டா துன்னுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது முறை புரிந்துகொண்டார். அப்புறம் அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே வந்து பட்டனை அமுக்கிவிட்டு, "நானா வந்து அமுக்கனேன், நீங்க சொல்லல" என்று சத்தமாக அறிவித்துவிட்டுப் போவார்.

மெதுவாக நான் கதீஷ் பேச்சை எடுத்தேன். அந்தத் தொழுகைக்கூடத்தில் பெண்களையும் பத்தில் சேர்த்து எண்ணுவார்கள், பெண்களும் கதீஷ் சொல்வார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தச் சால்வைப் பெண்ணுக்கு எழுதிக் கேட்டேன். அவர்தான் அந்தச் சபையின் குரு. பதில் தெளிவாக வந்தது. பத்து பேரும் அங்கே ஒரே அறையில் இருக்க வேண்டும். தூரத்தில் இருந்து கேட்பவர்களைப் பத்தில் சேர்க்க முடியாது. ஆனால் பத்து பேர் அங்கே கூடிவிட்டால், தூரத்தில் இருக்கும் நான் கதீஷ் சொல்லலாம். அறையில் ஒருவர் என்னோடு சேர்ந்து சொல்வார், மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். என் முகமும் குரலும் அங்கே போய்ச் சேரும்படி ஒரு கம்ப்யூட்டரை முன்னால் வைக்கிறோம் என்றும் எழுதியிருந்தார்.

பம்பாய் மாமா போனில் சிரித்தார். கம்ப்யூட்டரில் கதீஷ் சொன்னால் அது சினிமா என்றார். அம்மா ரிசீவரை என்னிடமிருந்து பிடுங்கி, "அண்ணா, உன் கோயில்ல எம் பொண்ணைக் கீழ எறங்க வுடுவியா?" என்று கேட்டாள். மாமா வழக்கம் அது இது என்று இழுத்தார். "அப்போ சிரிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அம்மா என் பக்கம் வந்துவிட்டாள் என்று.

அப்பாவின் நினைவு நாள் எங்கள் சந்திரக் கணக்கில் வரும். ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் மாறும். நன்றாகப் படித்தவர்களுக்கே இதை விளக்கப் பாடுபட்டிருக்கிறேன். மாமியாருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. "திதின்னு சொல்லேன். தேதியில எவனாவது குடுப்பானா?" என்றார். மார்கழியில் ஒரு புதன்கிழமை அந்தத் திதி வந்தது. எங்கள் நாள் பொழுது சாயும்போது பிறக்கும். அதனால் செவ்வாய் சாயந்திரம் தொடங்கிப் புதன் சாயந்திரம் முடியும். "புதன்கிழமை" என்று அமெரிக்காவுக்கு எழுதினேன். அவர்களும் புதன்கிழமை என்று குறித்துக்கொண்டார்கள்.

அங்கேதான் கோட்டைவிட்டோம். புதன் காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அங்கே செவ்வாய் சாயந்திரம். யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை. முன்னால் வைக்க வேண்டிய கம்ப்யூட்டர் பெட்டியிலேயே இருந்தது. வேறு யார் யாரோ தங்கள் தாய் தகப்பனுக்குக் கதீஷ் சொன்னார்கள். நான் இந்தப் பக்கம் வாயைத் திறந்து திறந்து மூடினேன். மறுநாள் காலை, அவர்களுடைய புதன்கிழமையில், எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா கதவடியில் நின்று தலையாட்டினாள். "நேத்து பொழுது சாஞ்சதோட போச்சி. நாள் தப்பி சொல்றதுக்கு சொல்லாமயே இருக்கலாம்." அவர்களும் தப்பில்லை, நானும் தப்பில்லை. பூமி உருண்டையாக இருப்பதுதான் தப்பு. அந்த வாரம் வகுப்பில் என்னிடம் திட்டு வாங்காத மாணவர் கிடையாது. அம்மாவின் முட்டி அப்போதே மோசமாகிக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை மார்கழி அவளுக்கு இருக்கிறதோ.

அடுத்த வருஷமும் திதி ஒரு புதன்கிழமையிலேயே விழுந்தது, இந்தத் தடவை நான் விடவில்லை. "உங்கள் செவ்வாய், எங்கள் புதன்" என்கிற மாதிரி இரண்டு ஊர்க் கிழமையையும் போட்டு, திரும்பத் திரும்ப எழுதி, அந்தச் சபை குருவே "புரிந்துவிட்டது அம்மா" என்று பதில் எழுதும்வரை விடவில்லை. நாள் சரி. இனி ஒன்றுதான் பாக்கி: மோட்டார்.

காலையில் மூணு ஃபேஸ் கரண்ட் வந்ததும் எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பும். வோல்டேஜ் படுத்துவிடும். குண்டு பல்பு சிவப்பாகும், மோடம் அணைந்து அணைந்து எரியும், யுபிஎஸ் கத்த ஆரம்பிக்கும். அதன் பேட்டரி பல்லைத் துலக்கி முடிக்கும் நேரம்கூடத் தாங்காது. மார்கழிக் கடைசி வேறு. நவரைப் பட்டத்துக்குத் தண்ணீர் விட்டுச் சேடை ஓட்டிச் சேறாக்குகிற நேரம், கழனிக்கு ஒரு நாள் தண்ணீர் நின்றால் ஒரு நாள் நடவு தள்ளும். சனிக்கிழமைகளில் பிரார்த்தனை நடுவில் படம் போனால் அம்மா திட்டிவிட்டுப் பொறுத்துக்கொள்வாள். கதீஷ் நடுவில் போனால்?

பெரிய மோட்டார் என் சின்ன மாமனாருடையது. வரப்புத் தகராறில் அவரும் என் மாமியாரும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாணம், காதுகுத்து எதிலும் முகம் பார்க்க மாட்டார்கள். நான் போய்க் கேட்கிறேன் என்றேன். மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீ கேட்டா அவன் ஞாயம் பேசுவான். நான் கேட்டா பேச மாட்டான்." கூடவே நானும் போனேன். சின்ன மாமா களத்தில் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"எங்க சம்பந்திக்குத் திதி வருது. புதங்கெயம காலைல கொஞ்ச நேரம் மோட்டார் போடாத. மத்தவங்கள்ட்டயும் சொல்லிடு, நீ போடலன்னா அவங்களும் போட மாட்டாங்க."

"திதிக்கும் மோட்டாருக்கும் இன்னா அண்ணி?"

"கம்ப்யூட்டர்ல குடுக்கறோம்."

அவர் என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "ஐயரு?"

"அந்த ஊர்ல ஒரு அம்மாதான் ஐயரு."

வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "திதின்னு வந்து கேட்டா இன்னா சொல்றது. ஒரு அவுரு போடல" என்று சொல்லிவிட்டுத் தவிட்டில் கையை விட்டார்.  திரும்பி வரும்போது வீட்டு வாசலில் மாமியார், "நல்லவன்தான், வாய்தான் பேஜாரு" என்றார்.

புதன்கிழமை காலை. கோயில் ஒலிபெருக்கி மார்கழிப் பாட்டெல்லாம் பாடி முடித்து ஓய்ந்துவிட்டது. முந்தின சாயந்திரமே ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மாவும் மாமியாரும் சேர்ந்து மாலிதா கலந்து வைத்திருந்தார்கள். அவலை நனைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலமும் போட்டுப் பிசைந்து, மேலே பழங்களை அடுக்குவது. எங்கள் வம்சத்தில் அது இல்லாமல் நல்லது கெட்டது எதுவும் நடக்காது. யாரும் மோட்டார் போடாமல் பார்த்துக்கொள்ள என் கணவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போய்விட்டார். மூணு ஃபேஸ் வந்தது. நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெள்ளையாக எரிந்தது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் பல்பு அப்படி எரிந்து நான் பார்த்ததே இல்லை. கழனிப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சத்தமும் இல்லை.

கூப்பிட்டோம். திரையில் அந்தச் சபை வந்தது. சால்வைப் பெண் என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். பின்னால் நாற்காலிகளில் ஆட்கள். பிரார்த்தனை ஓடியது. கதீஷுக்கு முன்னால் அவர் நின்றார், பின்னால் திரும்பிப் பார்த்தார், முகம் மாறியது.

அம்மா ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டோம், அது ஆகாது. எங்கள் வேதத்தில் பத்துச் சொல் உள்ள ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். வரி முடிந்தால் ஆள் நிறைந்தது. அம்மா திரையில் விரலை நகர்த்தாமல் கண்ணை மட்டும் நகர்த்திச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிச் சொல்லுக்கு முன்னால் தலைகள் தீர்ந்துவிட்டன.

"சம்பந்தியம்மா இன்னா பண்றாங்க?" என்று மாமியார் என்னிடம் கேட்டார். சொன்னேன். "நாங்களும் நெல்லு அளக்கசொல்ல ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம், லாபம்னு சொல்லித்தான் ஆரம்பிப்போம். சரி, கொறையுதா?"

"ஒருத்தர் குறையுது அத்த."

சால்வைப் பெண் மன்னிப்புக் கேட்டார். அங்கே பெருமழையாம், வருவதாகச் சொன்ன இருவர் வரவில்லையாம். பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குப் போன் போட்டிருக்கிறோம், காத்திருக்க முடியுமா என்றார். முடியுமாவா? எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. நான் எழுந்து நின்றவள் உட்காரவில்லை. அம்மாவின் வாயில் அந்தக் கடைசிச் சொல் நின்றுகொண்டிருந்தது, உதடு அசையாமல் அப்படியே வைத்திருந்தாள்.

சின்ன மாமா சொன்ன ஒரு மணி நேரம் கடந்தது. வாசலில் செருப்புச் சத்தம். அவர்தான் வந்தார், பின்னால் இன்னும் இரண்டு மோட்டார்க்காரர்கள். "அண்ணி, சேடை காஞ்சிக்கினு கீது. இன்னும் ஆவலியா?"

மாமியார் வாயில் விரலை வைத்துக் காட்டினார். "பத்து பேரு வேணும். ஒம்போது பேருதான் கீறாங்க."

சின்ன மாமா திரையை எட்டிப் பார்த்தார். கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் எங்கள் கூடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "நான் நிக்கறேன். பத்து ஆச்சி இல்ல?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நம்மள எண்ண மாட்டாங்க மாமா. அங்க இருக்கறவங்கதான்."

"நாமல்லாம் கணக்குல வர மாட்டமா?" என்று கேட்டுவிட்டு, மோட்டாரை மறந்தவராகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் அமெரிக்காவில் ஒரு கதவு திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

திறந்தது. ஒரு பெரியவர், வீட்டுச் செருப்போடு, நனைந்த தலையோடு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர், கழுத்தில் சாப்பாட்டுத் துணிகூட அப்படியே இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் அம்மா அந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்டது.

நான் மேற்கே பார்த்து நின்றேன், எங்கள் புனித நகரம் இங்கிருந்து மேற்கே. அவர்களுக்கு அது கிழக்கே. அதனால் கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் நாங்கள் எதிரெதிராகத்தான் நின்றிருப்போம். ஆரம்பித்தேன். கதீஷில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கக் கடவுளின் பெருமைதான். அப்பா தன் அப்பாவுக்காகப் பம்பாயில் சொன்னதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அதே இழுப்பில் சொன்னேன். முதல் வரியில் குரல் உடைந்தது, இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டது. அங்கே ஒருவர் என்னோடு சொல்லிக்கொண்டு வந்தார். ஆமென் வர வேண்டிய இடம் வந்தது. இணையத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து ஆமென் சொன்னாள். அதற்குப் பின்னால் பத்து பேரின் ஆமென் வந்தது. சின்ன ஸ்பீக்கர் அதைத் தாங்க முடியாமல் கரகரத்தது.

கடைசி வரி வரைக்கும் பல்பு மங்கவில்லை. கடைசி வரி வரைக்கும் நான் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு மூன்று அடி பின்னால் வைத்து வணங்கும்போது, என் தோளில் இருந்து என்னமோ இறங்கிப் போனது. நான் ஜெயித்துவிட்டேன். பத்து பேரை, கிழமையை, மழையை, மோட்டாரை, பம்பாய் மாடியை, எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். திரையில் அந்தச் செருப்புப் பெரியவர் கையை ஆட்டினார்.

"முடிஞ்சிதா?" என்று சின்ன மாமா கிசுகிசுத்தார்.

"முடிஞ்சிது. போய் மோட்டார் போடுங்க தம்பி" என்றாள் அம்மா.

அவர் எழவில்லை. "பிரசாதம் குடுப்பீங்க இல்ல?"

மாலிதாவை வாங்கி நின்றபடியே சாப்பிட்டார்கள். கைகழுவிவிட்டுச் சின்ன மாமா வாசல் வரை போய்த் திரும்பி, மாமியாரிடம் சொன்னார்: "அடுத்த வருசம் திதி எந்தத் தேதில வருதுன்னு இப்பவே கேட்டுச் சொல்லு அண்ணி. நாத்து வுடறத அதுக்குத் தக்கா மாதிரி முன்ன பின்ன வெச்சிக்கிறோம்."

கொஞ்ச நேரத்தில் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பல்பு சிவந்தது, மோடம் செத்தது, திரை கறுத்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா மாலிதாத் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மெதுவாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனாள். சாலையில் பால் கேனோடு போன ஒருவரை நிறுத்தினாள். அவருக்கு எங்களைத் தெரியாது, அப்பாவைத் தெரியாது, கதீஷ் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் கையில் ஒரு பிடி அவலை வைத்தாள்.

"எம் பொண்ணு சொன்னா" என்றாள். "அவங்க அப்பாவுக்கு. எம் பொண்ணேதான் சொன்னா."